பனிமேல் தூவிய மண்

காலைத் தேநீர் முடிந்ததும் தெஸ்கித் அனே கெட்டிலில் மிச்சமிருக்கும் வெந்நீரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். படிக்குக் கீழே, எப்போதும் அதே இடத்தில், உறைந்து கிடக்கும் பனிக்கட்டியின் மேல் அதை ஊற்றுவார். ஆவி எழும். கட்டி லேசாக முனகிக்கொண்டு கையகலத்துக்குக் குழியும். அனே குனிந்து அந்தக் குழிக்குள் பார்ப்பார். பிறகு கெட்டிலைத் தட்டிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவர் கதவைச் சாத்துவதற்குள் குழி இறுகத் தொடங்கிவிடும்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்து இதைப் பார்த்து வந்திருக்கிறேன். லடாக்கில், எங்கள் ஜான்ஸ்கர் பள்ளத்தாக்கில், வெந்நீரைக் கீழே கொட்டுவது சின்ன விஷயம் இல்லை. ஓடையின் மேல்தட்டைக் கோடரியால் உடைத்துத் துளை போட்டு, தகர டின்னில் மொண்டு, முதுகில் சுமந்து வந்த தண்ணீர் அது. கோடை முழுக்கப் பொறுக்கிக் காயவைத்த சாணத்தை எரித்துச் சூடாக்கியது. அதைக் கொட்டியதும் போதாதென்று, கொட்டிய இடம் கண்ணாடியாகிவிடும். அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அங்கே விழுந்திருக்கிறார்கள். பக்கத்து வீடு என்பதால் என் அம்மா குன்செஸ்தான் அதிகம் விழுந்தவள்.

"அச்சே, உன் வீட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குடிக்கறதுக்குள்ள இடுப்பு போயிடுது. எதுக்கு இந்த வேலை?" என்று அம்மா கேட்டாள். அச்சே என்றால் அக்கா. அம்மாவைவிட அனே மூத்தவர். எனக்கு அவர் அனே, அத்தை முறை.

"அடியில மண்ணு இருக்கான்னு பாக்கறேன்."

"மண்ணு எங்க போயிடும்?"

"எனக்கு மறந்துபோச்சு, குன்செஸ். மண்ணு என்ன நிறம்?"

"உன் மூஞ்சி நிறம். போய்க் கண்ணாடியில பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த நாளும் அனே ஊற்றினார்.

அவர் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர் இல்லை. சிந்து நதிக் கரையில், ஷாம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அந்தப் பக்கமும் லடாக்தான், அங்கும் பனி விழும். ஆனால் பங்குனி முடியும்போது பனி போய்விடும். சித்திரையில் நாங்கள் சூலி என்று சொல்கிற சர்க்கரை பாதாமி மரங்கள் இலை விடுவதற்கு முன்னாலேயே பூத்துவிடும். எங்கள் ஊரில் அந்த மரம் ஒன்றுகூடக் கிடையாது, வைத்தாலும் வராது. ஐப்பசிக் கடைசியில் கணவாய் மூடினால் ஆனியில்தான் சாலை திறக்கும். சாலை திறந்து அவர் பிறந்த வீடு போய்ச் சேர்ந்தால் பூ எல்லாம் உதிர்ந்து காயாகியிருக்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அனே ஒரு தடவைகூடப் பூவைப் பார்க்கவில்லை.

தை மாதத்தில் ஆறு உறையும்போது அதன்மேல் நடந்து வெளியே போகலாம்தான். போனால் சாலை திறக்கிற வரை திரும்ப முடியாது. அதற்குள் விதைப்புக் காலம் வந்து போய்விடும். அனே விதைத்தே ஆக வேண்டும். கணவர் இறந்த பிறகு அவருக்கென்று இருந்தது ஒரு சின்ன வீடும், மலையடியில் ஒரு வயலும். கணவரின் தம்பி தர்கைஸ், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாற்கோதுமைக் கள்ளான சாங் ஊற்றிக் கொடுத்து ஒரு பேச்சு வைத்திருந்தார். அச்சே விதைக்கிற வரை வயல் அச்சேவுக்கு. ஒரு வருஷம் தரிசு போட்டாலும் வயல் தர்கைஸ் இருக்கும் பெரிய வீட்டுக்குத் திரும்பிவிடும். எல்லாரும் நியாயம்தான் என்றார்கள். அனேவும் கோப்பையை வாங்கிக் குடித்தார்.

வயல் இருந்த இடம்தான் சிக்கல். மலை நிழல் கடைசியாக விலகுவது அங்கேதான். ஊர் வயல்களெல்லாம் கறுத்து ஈரமாக மின்னும்போதும் அனேயின் வயல் மட்டும் விரித்துப் போட்ட வேட்டியாகக் கிடக்கும்.

நான் சொல்ல வந்த வருஷத்தில் நானும் ஊரில் இருந்தேன். ஜம்முவில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்கிற பெருமையோடு, இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். கணவாய் மூடிக்கொண்டது. அம்மாவுக்குத் துணையாக இருக்கத்தான் வந்தேன் என்று ஊரில் சொன்னேன். அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரியவில்லை. வெளியே எனக்காக எதுவும் காத்திருக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

அந்தக் குளிர்காலம் முன்கூட்டியே வந்தது, போகவும் மறுத்தது. புத்தாண்டு லோசர் முடிந்து, மடத்துத் திருவிழா முடிந்து, மாசியும் போன பிறகுகூட ஜன்னல் உள்பக்கம் உறைந்தபடியே இருந்தது. தினமும் வறுத்த வாற்கோதுமை மாவு, காய்ந்த டர்னிப், மறுபடியும் மாவு. சாணப்புகையில் எல்லாருடைய கண்ணும் சிவந்து கிடந்தது. கீழ்த்தளத்து ஆட்டு வாடையும் எங்கள் வாடையும் ஒன்றாகிவிட்டன. பேசுவதற்குப் புதிதாக எதுவும் இல்லை. ஒரே நகைச்சுவையை ஒரே ஆள் சொல்ல, நாங்கள் அதே இடத்தில் சிரித்தோம். சண்டைகூடச் சலித்துவிட்டது. ஒருவரை ஒருவர் வையத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டுத் தேநீர் ஊற்றிக்கொண்டோம்.

அனே மத்தியான நேரங்களில் எங்கள் அடுப்படிக்கு வந்துவிடுவார். என் கைபேசியைக் காட்டி, "நோமோ, பச்சையா ஏதாவது காட்டு" என்பார். நோமோ என்றால் தங்கை, சின்னப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

கல்லூரிப் புல்வெளியில் எடுத்த படங்களைக் காட்டுவேன். நாங்கள் நான்கைந்து பெண்கள் தோளில் கைபோட்டு நிற்போம். அனே விரலால் படத்தைப் பெரிதாக்கக் கற்றுக்கொண்டார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் புல்லை மட்டும் வைத்துப் பார்ப்பார்.

"உன் சிநேகிதிங்க கொஞ்சம் நகர்ந்து நின்னிருக்கலாம்" என்றார் ஒருநாள்.

"அவங்களுக்காக எடுத்த படம் அனே அது."

"மூஞ்சி எல்லா ஊர்லயும் இருக்குது."

எங்கள் ஊரில் பனியை அவசரப்படுத்த ஒரு வழி உண்டு. அறுவடை முடிந்து நிலம் இறுகுவதற்குமுன், ஒவ்வொரு வீட்டிலும் காய்ந்த மண்ணைக் கூடைகூடையாக வெட்டி வீட்டுக்குள் சேர்ப்போம். ஒரு குவியல் மாடியில் இருக்கும் கக்கூஸ் அறைக்கு. அங்கே தண்ணீர் கிடையாது. போய்விட்டு கொஞ்சம் மண்ணை வாரித் துளைக்குள் தள்ளுவோம், வசந்தத்தில் அதுவே எருவாகும். இன்னொரு குவியல் வயலுக்கு. குளிர் தளரும் நேரத்தில் அந்த மண்ணைப் பனிமேல் தூவினால், கறுப்பு வெயிலை இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே நிலம் தெரிந்துவிடும். அந்த இரண்டு மூன்று வாரம்தான் எங்களுக்குக் கதிர் முற்றுவதற்கும் முற்றாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆனால் நேரம் பார்த்துத் தூவ வேண்டும். உச்சி வெயிலில் நாய் நடந்தால் கால் புதைய வேண்டும். அதற்குமுன் தூவினால், அடுத்த பனி வந்து மண்ணை மூடிவிடும். மூடிய மண்ணால் பயனில்லை. வேறு மண்ணுக்கு வழியும் இல்லை, நிலம்தான் கல்லாகக் கிடக்கிறதே. இது எங்கள் ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும். அனேவுக்கும் தெரியும்.

சித்திரை பிறந்த சில நாளில் ஷாமிலிருந்து அவருடைய அண்ணி யங்சின் கூப்பிட்டார். எங்கள் வீட்டு மொட்டைமாடியின் ஒரு மூலையில் மட்டும்தான் சிக்னல் வரும். நான் ஓடிப்போய் அனேவைக் கூட்டி வந்தேன். அவர் மூலையில் சுவரோடு ஒட்டி நின்று, இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார்.

"பூத்துடுச்சா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நலம்கூட விசாரிக்கவில்லை.

அண்ணியின் குரல் எனக்கும் கேட்டது. "எல்லா மரமும் பூத்துடுச்சு. ஓடையோரத்து மரம் கொட்டவே ஆரம்பிச்சிடுச்சு."

"ரோஸா இருக்கா, வெளுத்துடுச்சா?"

"வெளுத்துக்கிட்டு வருது."

"தேனீ வந்திருக்கா?"

"அத ஏன் கேக்கற. துணி காயப்போட முடியல. அங்க எப்படி, பனி விட்டுடுச்சா?"

அனே மாடியிலிருந்து சுற்றிலும் பார்த்தார். ஊர், ஓடை, மலை, எதிர்க்கரை. ஒரு நிறம்தான் இருந்தது.

"விட்டுடும்" என்றார். "வெக்கறேன் அண்ணி, காசு ஏறும்."

கூப்பிட்டது அவர்கள்தான், காசு ஏறினாலும் அவர்களுக்குத்தான்.  அனே போனை என் கையில் கொடுத்துவிட்டு ஏணியில் இறங்கிப் போனார்.

அன்று மத்தியானம் அம்மா என்னை அவசரமாக மாடிக்குக் கூப்பிட்டாள். அனே முதுகில் கூடையோடு தன் வயலில் நின்றுகொண்டிருந்தார். கைநிறைய மண்ணை அள்ளி, விதைக்கிறவர்கள் வீசுவதுபோல வீசிக்கொண்டிருந்தார்.

அம்மா கையை வாயருகே குவித்துக் கத்தினாள். "அச்சே, நாய் இன்னும் மேலயே நடக்குது."

"நாய்க்கு என்ன தெரியும்? வெயில் எப்படி இருக்கு பாரு."

"வெயில் இருக்கும். மேகம் எங்க போயிடுச்சு? மலைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கு."

"உக்காந்திருக்கட்டும். நான் போதும்னு சொல்லிட்டேன்."

யாரிடம் சொன்னார் என்று அம்மா கேட்கவில்லை. வயலுக்கு வைத்திருந்த குவியல் அன்றே முடிந்தது. மறுநாள் காலையில் கக்கூஸ் குவியலையும் சுமந்துகொண்டு போனார். வேலை முடிந்தபோது மொத்தப் பள்ளத்தாக்கிலும் அந்த ஒரு வயல்தான் பழுப்பாக இருந்தது. ஊர்க்காரர்கள் வேலை இருக்கிற மாதிரி அந்தப் பக்கமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பைத்தியம் என்று சொன்னவர்களும் கொஞ்ச நேரம் நின்றுதான் பார்த்தார்கள். நானும் நின்றேன். கண்ணுக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது என்பதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அனே வயலோரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, கிழிந்துபோன கம்பளிக் காலுறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மாலை காற்று திசை மாறியது. இரண்டு பகல், இரண்டு இரவு நிற்காமல் பனி கொட்டியது. விடிந்தபோது அனேயின் வயல் எது, வரப்பு எது என்று அடையாளம் தெரியவில்லை.

அவர் மர மண்வாரியை எடுத்துக்கொண்டு போய்ப் பனியை வாரிப் போடத் தொடங்கினார். நானும் போனேன். இடுப்பளவு பனி. ஒரு மூலையில் பாய் அளவுக்கு ஒதுக்கினோம். மறுநாள் காற்று வந்து அதையும் நிரப்பிவிட்டது. தர்கைஸ் பாதையில் வந்து நின்றார். நல்ல மனிதர், அவர் குரல் எப்போதும் உயராது.

"அச்சே, வீணா சிரமப்படாதீங்க. எங்க அடுப்போரத்துல உங்களுக்கும் ஒரு இடம் இருக்கு. இந்த வயசுல தனியா எதுக்கு?"

அனே நிமிர்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உன் அடுப்பு புகையுது தர்கைஸ். முதல்ல அத சரி பண்ணு."

அவர் சிரித்துக்கொண்டே போனார். அனே அதன்பிறகு வாரவில்லை. மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நோமோ, நான் அவசரப்பட்டுட்டேனா?"

 தப்பு என்று அவருக்கே தெரியும். ஆனால் போனை வைத்துவிட்டு அவர் சுற்றிலும் பார்த்ததை நானும் பார்த்திருந்தேன். அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இப்போதும் சில சமயம் கேட்டுக்கொள்கிறேன். அநேகமாக எதையும் வீசியிருக்க மாட்டேன். அது புத்திசாலித்தனமா, தைரியம் இல்லாததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் நாயின் கால் புதைந்தது. ஊர் முழுக்கக் கூடைகளோடு இறங்கியது. நாங்களும் எங்கள் வயலுக்குத் தூவினோம். அனே மட்டும் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சித்திரை மாதத்தில் மண் கேட்பது எங்கள் ஊரில் வாயைத் திறந்து கேட்கிற விஷயம் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் அளந்து வைத்ததுதான் இருக்கும். அவர் கேட்க மாட்டார் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

அம்மா கூடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். எங்கள் கக்கூஸ் அறைக் குவியலை வெட்டிக் கூடையில் நிரப்பத் தொடங்கினாள்.

"அம்மா, அப்புறம் நாம என்ன பண்றது?"

"அடுப்புச் சாம்பல் இருக்கு. பத்தலன்னா அடக்கு. பட்டம் வாங்கினவதானே, ஒரு வழி கண்டுபிடி."

அனே கதவைத் திறந்தபோது அம்மாவும் நானும் கூடைகளோடு நின்றோம். அவர் ஒரு கட்டியை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார்.

"இது எங்க இருந்த மண்ணுன்னு தெரியுது, குன்செஸ்."

"சுத்தமானதுதான். இன்னும் முறை வரல."

"வேண்டாம். உன் பொண்ணு பாவம்."

"அவ ஜம்மு ஹாஸ்டல்ல நாலு வருஷம் வரிசையில நின்னவ. தாங்குவா."

அனே உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பா, அழுகையா என்று பிடிகொடுக்கவில்லை. "தானமா வாங்க மாட்டேன். கடனாத் தா. அறுப்பு முடிஞ்சதும் கூடைக்குக் கூடை திருப்பித் தந்துடறேன்."

"கோபுரமாக் குவிச்சுத் தரணும். தலை தட்டித் தந்தா வாங்க மாட்டேன்."

"கோபுரமாவே தர்றேன்."

"உன் கையால வெட்டின மண்ணா இருக்கணும். ஆள் வெச்சு வெட்டக்கூடாது."

"சரிடி, வட்டி போடாத குறை."

மூன்று பேரும் தூவினோம். போதுமான மண் இல்லை. நெருக்கமாகத் தூவாமல் பட்டைபட்டையாகத் தூவினோம். வயலில் பனி அப்படியே கோடுகோடாக விட்டது. யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த சோ மாட்டு ஜோடி ஊரெல்லாம் உழுது முடித்து, கடைசியாக அனேயிடம் வந்து சேர்ந்த அன்று நிலம் தயாராக இருந்தது, ஓரங்களில் மட்டும் பனி. தர்கைஸே ஏர் பிடித்தார்.  அனே அவருக்குச் சாங் நிறைய ஊற்றினார்.

மற்றவர்கள் அறுக்கும்போது அனேயின் கதிர் பச்சையாக நின்றது. உறைபனி தொட்டுவிடுமோ என்று தினமும் ஊரே வானத்தைப் பார்த்தது. கடைசியில் பாதி முற்றியும் பாதி பால் பிடித்தபடியும் அறுத்தார். மாவு கொஞ்சம் கசந்தது. ஆனால் அது விதைத்து அறுத்த வயல். பேச்சுப்படி அவருடையது.

அறுப்பு தள்ளிப்போனதில் மண் வெட்டவே நேரம் இல்லாமல் போய்விட்டது. தன் தேவைக்குக் கொஞ்சம் சேர்ப்பதற்குள் நிலம் இறுகிவிட்டது. "அடுத்த வருஷம்" என்றார். அம்மா சரி என்றாள்.

அந்தத் தை மாதம், ஆற்றின் மேல் நடந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிற கூட்டத்தோடு அனேயும் கிளம்பினார். நான் ஆச்சரியப்பட்டேன். அம்மா ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"வயலுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ தூவு. நீ விதை. என் பேருல விதைச்சாப் போதும், தர்கைஸ்கிட்ட பேசிட்டேன், ஒத்துக்கிட்டான். ஒரே ஒரு தடவை பாத்துட்டு, முதல் வண்டியில வந்துடறேன்."

"வராம எங்க போவே? உன் கடன் இருக்கே."

அனே மாவுப் பையையும் போர்வையையும் முதுகில் கட்டிக்கொண்டு ஆற்றை நோக்கி இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. பனியில் வழுக்காமல் நடக்கக் கீழே பார்த்தே போக வேண்டும்.

முதல் வண்டியில் அவர் வரவில்லை. ஆற்றுப் பனியில் நடந்தது முழங்காலைப் பிடித்துவிட்டது என்றும், குளிர்ப் பக்கம் போகக் கூடாது என்று லே மருத்துவர் சொல்லிவிட்டார் என்றும் அவர் அண்ணி சொன்னார். அடுத்த வருஷமும் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும். எப்போதாவது போன் வரும். நலம் விசாரித்து முடிந்ததும் அம்மா தவறாமல் கேட்பாள்: "என் மண்ணு எங்க, அச்சே?"  "வந்து தர்றேன் குன்செஸ்" என்பார் அனே. அம்மா ஒவ்வொரு சித்திரையிலும் இரண்டு வயலுக்கு மண் சுமக்கிறாள், இரண்டு வயலிலும் விதைக்கிறாள். அனேயின் வீட்டு வாசலில் இப்போது யாரும் வழுக்கி விழுவதில்லை. 

எனக்கு இப்போது கார்கிலில் ஆசிரியர் வேலை. இந்த அறுவடைக்கு ஊருக்குப் போனேன். கணவாய் மூடுவதற்குள் கிளம்பிவிடுவேன், அதனால் அம்மாவுக்காக முடிந்த அளவு மண் வெட்டி வைத்தேன். எங்கள் குவியல் நிறைந்த பிறகும் வெட்டினேன். ஒவ்வொரு கூடையையும் கோபுரமாகக் குவித்து, மண் சேர்க்கும் அறையின் இன்னொரு மூலையில் தனியாகக் கொட்டினேன்.

"இத அனே கணக்குல வெச்சுக்கம்மா. அவங்க கடன் தீர்ந்துடும்" என்றேன்.

அம்மா அந்தக் குவியலைப் பார்த்தாள். பிறகு மண்வாரியை எடுத்து, அதை வாரி எங்கள் குவியலோடு சேர்க்கத் தொடங்கினாள்.

"இது நம்ம மண்ணு" என்றாள். "அவ மண்ணு இன்னும் வரல."